ரப்பர் தோட்டத்துப் பிக்கப்புக்கு மேல்நோக்கிய சைலன்சர்: அளவெடுப்பதிலிருந்து முதல் மழை வரை

மார்கழி பிற்பாதி தொடங்கி மாசி வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். தோட்டத்துக்குள் வண்டித்தடமே தெரியாத அளவுக்குச் சருகு கிடக்கும். ரப்பர் பால் கேனும் ரப்பர் ஷீட்டும் ஏற்ற வரும் பிக்கப் அந்தச் சருகின் மேல் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது, அடிச்சட்டமான சேஸுக்குக் கீழே தொங்கும் சைலன்சருக்கும் சருகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சருகு குவிந்த இடமென்றால் அதுவும் இருக்காது. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறி வந்த வண்டியில் டர்போவை (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஒட்டிய குழாய் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். காய்ந்த சருகு புகைந்து பற்ற அவ்வளவு சூடுகூடத் தேவையில்லை.

டிராக்டரில் சைலன்சரை மேலே தூக்கி வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். சூடான பாகம் வைக்கோல், சருகு, சேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அதே வேலையைத் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் பழைய பிக்கப்பில் செய்வது எப்படி என்பதே இந்தக் குறிப்பு. பளபளக்கும் குழாயை நிமிர்த்தி வைப்பது அரை நாள் வேலை. அதைத் தாங்கும் பிராக்கெட், மழைத்தண்ணீர் வெளியேறும் வழி, சூட்டுத் தடுப்பு ஆகிய மூன்றுக்கும்தான் மீதி இரண்டு நாள் போகும். அந்த மூன்றையும் ஒப்பேற்றினால் ஆறு மாதத்தில் எல்லாம் விரிந்து கையோடு வரும்.

சாலையில் ஓடும் வண்டியில் வேண்டாம்

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவு செய்து ரோட்டில் ஓட்டும் பிக்கப்பில் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தமும் புகையும் அளவு மீறினால் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும் மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

'தோட்டத்து ரோடுதானே' என்பதும் முழுப் பதிலாகாது. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். நம் மாவட்டத்தில் தோட்டத்தை ஊடறுத்துப் போகும் பஞ்சாயத்து ரோடுகள் ஏராளம். இரண்டு விளைகளுக்கு (தோட்டத் துண்டுகளுக்கு) நடுவே அப்படி ஒரு ரோடு இருந்து, வண்டி அதைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வேலியும் கேட்டும் உள்ள வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி வண்டியை ஒதுக்குவதானால், நாகர்கோவில் (டிஎன் 74) அல்லது மார்த்தாண்டம் (டிஎன் 75) வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, ஆர்.சி. (பதிவுச் சான்று) விஷயத்தை முடித்துவிட்டு அப்புறம் வெல்டிங்கைத் தொடுங்கள்.

வண்டியின் வயதும் முக்கியம். பிஎஸ்2, பிஎஸ்3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தின் படிகள்) காலத்து டீசல் பிக்கப்புகளே இதற்கு ஏற்றவை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகைவடிகட்டி, வெப்ப சென்சார், அழுத்த சென்சார் எல்லாம் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். குழாயை வெட்டினால் எஞ்சின் கம்ப்யூட்டர் குழம்பி இழுவையைக் குறைத்துவிடும். புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் வெளிவரும் காற்றின் சூடும் மிக அதிகம். பிஎஸ்4-லும் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி அறை இருக்கும். இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடும் வேலை இந்தக் குறிப்பில் இல்லை.

எந்த இடத்தில் நிமிர்த்துவது

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அடியில் படுத்துப் பாருங்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சைலன்சர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டீசல் டேங்க் எந்தப் பக்கம், பிரேக் குழாயும் வயரிங்கும் எந்த வழியாகப் போகின்றன, கேபினுக்கும் சரக்கு ஏற்றும் பாடிக்கும் நடுவே எத்தனை இடைவெளி.

கேபினுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் குழாயை நிமிர்த்தலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலான பிக்கப்பில் அந்தச் சந்து 5 முதல் 10 சென்டிமீட்டர்தான். 63 மி.மீ. குழாய், அதைச் சுற்றிச் சூட்டுத் தடுப்பு, இரு பக்கமும் காற்றோட்டம் எல்லாம் அதற்குள் அடங்காது. கேபினின் பின் கண்ணாடி பீடிங் ரப்பர் முதலில் உருகும், பிறகு பெயிண்ட் கருகும். அதனால் பாடியின் முன் மூலையில், டேங்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், 25 சென்டிமீட்டர் சதுர இடத்தைச் சைலன்சருக்கென்று ஒதுக்கிவிடுவதே சரி. ஷீட் ஏற்றும் இடத்தில் ஒரு மூலை போகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த மூலையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, பழைய சைலன்சர் முடியும் இடம். அது பாடியின் முன் மூலைக்கு அருகிலேயே முடிந்தால் அதிர்ஷ்டம். சைலன்சரையும் அதற்கு முன்னால் உள்ள எதையும் தொடாமல், வால்குழாயை மட்டும் வெட்டி மேலே திருப்பினால் போதும். சைலன்சர் பின்னால் தள்ளி முடிந்தால், வால்குழாயை யு போல மடக்கி முன்னுக்குக் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு 90 டிகிரி பெண்டும் (வளைவுத் துண்டு) சுமார் 1 மீட்டர் நேர்க்குழாய் அளவுக்குப் புகையைத் தடுக்கும். இரண்டு பெண்ட் கூடினால் ஏற்றத்தில் கரும்புகையும் எஞ்சின் சூடும் வரத் தொடங்கும். அப்படிப்பட்ட வண்டியில் பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து நிற்கும் உருளைச் சைலன்சர் ஒன்றை வைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் டிராக்டர் சைலன்சரை வாங்கி அப்படியே மாட்டுகிறார்கள். பார்ப்பதற்கு அளவு பொருந்தும். கணக்கு பொருந்தாது. 2.5 லிட்டர் டிராக்டர் எஞ்சின் டர்போ இல்லாமல் 2,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கும். அதே 2.5 லிட்டரில் டர்போவோடு 3,200 சுற்றில் ஓடும் பிக்கப் எஞ்சின் 6,000 லிட்டருக்கு மேல் இழுக்கும். இரண்டரை மடங்கு புகை அந்தச் சிறிய சைலன்சருக்குள் திணறும். உள்ளே துளையிட்ட நேர்க்குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும் வைத்த வகையாகவும், நுழைவாய் உங்கள் குழாய் அளவுக்குக் குறையாததாகவும், வெளிக்கூடு 100 மி.மீ. விட்டம், நீளம் 45 சென்டிமீட்டருக்குக் குறையாததாகவும் பார்த்து வாங்குங்கள். சைலன்சரே இல்லாமல் வெறும் குழாய் வைக்கும் பேச்சு வேண்டாம். பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கும் ஊரில் அந்தச் சத்தம் நாலு வீட்டுக் குழந்தைகளை எழுப்பிவிடும்.

ஜோடிக் குழாய் கேட்பவர்களுக்கு: 2.5 லிட்டர் எஞ்சினுக்கு ஒன்றே போதும். இரண்டாகப் பிரித்தால் புகையின் வேகம் குறைந்து கரி உள்ளேயே படியும், மழைத்தண்ணீர் இறங்க இரண்டு வாய், விரிய இரண்டு வெல்டிங் வரிசை. அழகைத் தவிர வேறு லாபம் இல்லை.

வாங்க வேண்டியவை

குழாய் வாங்கும்போதே பாதித் தவறு நடக்கிறது. சைலன்சர் குழாயை வெளிவிட்டத்தில் சொல்வார்கள்: இரண்டரை அங்குலம் என்றால் 63.5 மி.மீ. பைப் கடையில் அதே 'இரண்டரை இஞ்ச்' என்று கேட்டால் தண்ணீர்க் குழாய்க் கணக்கில் 76 மி.மீ. வெளிவிட்டத்தை எடுத்துத் தருவார்கள். இரண்டு இஞ்ச் என்றால் 60.3 மி.மீ. வரும். குழாயை ஒரு கடையிலும் பெண்டை இன்னொரு கடையிலும் வாங்கியவர் வெல்டிங் மேசையில்தான் இதைக் கண்டுபிடிப்பார். கையில் வெர்னியர் காலிப்பரோடு போய், இரண்டையும் அளந்து வாங்குங்கள்.

கனம் 1.6 முதல் 2 மி.மீ. போதும். 63.5 குழாய் 1.6 கனத்தில் மீட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்குள் இருக்கும். தண்ணீர்க் குழாயை எடுத்தால் அதே நீளம் ஐந்து கிலோ. அந்த இரட்டைப் பாரம் குண்டும் குழியுமான தோட்டத்து வழியில் தினமும் பிராக்கெட்டை ஆட்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம். மோட்டார் அறையில் மிச்சம் கிடக்கும் துண்டு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு வெண்புகையாக எரியும். அதைச் சுவாசித்த வெல்டருக்கு அன்று இரவு குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பிறகு வண்டி ஓடும்போதும் பூச்சு கருகி உதிர்ந்துகொண்டே இருக்கும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் வண்டி நிற்குமானால் 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயே எடுங்கள். உப்புக்காற்றில் சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) குழாய் வெளியிலிருந்தும், உள்ளே தங்கும் கரித்தண்ணீர் உள்ளிருந்தும் அரிக்கும். மலையோரத் தோட்டத்துக்கு எம்.எஸ். போதும். 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் அலுமினியப் பெயிண்டை மெல்லியதாக இரண்டு கை அடித்து, முதல் ஓட்டத்தில் மெதுவாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். சாதாரண எனாமல் ஒரே நாளில் கொப்புளிக்கும்.

ஒரு வண்டிக்குத் தேவை: 63.5 மி.மீ. குழாய் 3 மீட்டர், அதே வெளிவிட்டத்தில் நீண்ட வளைவு 90 டிகிரி பெண்ட் 2, 45 டிகிரி பெண்ட் 2, பெல்லோஸ் எனப்படும் நெளிகுழாய் 1 (150 முதல் 200 மி.மீ. நீளம்), 8 மி.மீ. கனத்தில் மூன்று போல்ட் ஃபிளேஞ்ச் (இரண்டு குழாய்களை போல்ட்டால் சேர்க்கும் தட்டு) ஒரு ஜோடி, அதற்கான கேஸ்கெட் 2 (ஒன்று கூடுதலாக), 6 மி.மீ. பிளேட் ஒரு அடிச் சதுரம், 50x50x5 ஆங்கிள் 1 மீட்டர், 8.8 தர எம்10 போல்ட் 6, எம்8 எஸ்.எஸ். போல்ட் 12, ரப்பர் புஷ் 4, துளையிட்ட தகடு 1.2 மி.மீ. கனத்தில் ஒன்றரை மீட்டர், டிராக்டர் வகை மழைமூடி 1. நட்டு வாங்கும்போது நைலான் வளையம் உள்ள லாக் நட்டைத் தவிர்த்துவிடுங்கள். சூட்டில் நைலான் உருகினால் நட்டு தானாகக் கழலும். முழு இரும்பு லாக் நட்டு, கிடைக்காவிட்டால் இரட்டை நட்டு.

பி.வி.சி.யில் ஒத்திகை

இரும்பை வெட்டுவதற்கு முன் 63 மி.மீ. பி.வி.சி. குழாயில் முழு அமைப்பையும் கட்டிப் பாருங்கள். வெளிவிட்டம் சைலன்சர் குழாய்க்கு அரை மி.மீ.தான் வித்தியாசம். இரண்டு எல்போ, ஒரு மீட்டர்த் துண்டுகள் இரண்டு, ஒட்டாமல் வெறுமனே சொருகி, கயிற்றால் சேஸில் தொங்கவிட்டால் போதும். பி.வி.சி. எல்போ கூர்மையாகத் திரும்பும், இரும்பு பெண்ட் அகன்று திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெண்டுக்குக் கூடுதலாகச் சுமார் 5 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும்.

அப்படிக் கட்டியபின் ஒருவர் பாடியில் ஏறிக் குதிக்கட்டும், இன்னொருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பட்டும், மூன்றாமவர் அடியில் படுத்துப் பார்க்கட்டும். குழாய் ஸ்பிரிங் பட்டையில் தட்டுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்டிடம் போகிறதா என்பது அப்போதே தெரியும். டீசல் குழாயிலிருந்து 35 மி.மீ.க்குள் புகைக்குழாய் இருக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. தோட்டத்து வண்டிக்கு 100 மி.மீ. இடைவெளி வையுங்கள். பிரேக் குழாய்க்கும் வயருக்கும் அதே அளவு. முடியாத இடத்தில் நடுவே தகடு.

உயரம்: குழாயின் வாய் கேபின் கூரைக்கு மேல் குறைந்தது 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்குக் கீழே இருந்தால் நின்ற வண்டியில் புகை பின் ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றடிக்கும் மாதங்களில் தோவாளைப் பக்கம் இது இன்னும் மோசம். ரொம்ப உயர்த்தினால் கிளை தட்டும். தோட்டத்தில் தாழ்ந்த கிளை எத்தனை உயரம், ஷெட்டின் வாசல் எத்தனை உயரம், குறுக்கே போகும் கரண்ட் வயர் எங்கே என்பதை அளந்து முடிவெடுங்கள்.

நிற்க வைப்பது

பொருத்தும் முறையை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: அடியில் இறுக்கிப் பிடி, மேலே சாயாமல் மட்டும் பார்த்துக்கொள். மொத்த எடை 15 முதல் 20 கிலோ வரும். அந்த எடை முழுவதும் சேஸில் உட்கார வேண்டும். மேல் பிடி எடையைத் தாங்கக் கூடாது.

காரணம் சூடு. எம்.எஸ். குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் 100 டிகிரி சூட்டில் 1.2 மி.மீ. நீளும், 304 எஸ்.எஸ். 1.7 மி.மீ. நீளும். 3 மீட்டர் குழாய் 250 டிகிரி சூடேறினால் எம்.எஸ். 9 மி.மீ., எஸ்.எஸ். 13 மி.மீ. நீண்டுவிடும். இரண்டு முனையையும் வெல்ட் வைத்து இறுக்கினால் நீள இடமில்லாமல் பலவீனமான இடத்தில் விரியும். அந்த விரிசல் பெரும்பாலும் கீழ்ப் பெண்டின் வெல்டிங் ஓரத்தில், மயிரிழையாக, கரிக்கோடு போலத் தெரியும். தற்செயலாகக் கரி ஒட்டியது என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடி கோடு வந்தால் அது விரிசல்.

அடிப் பிராக்கெட்டை 6 மி.மீ. பிளேட்டில் எல் வடிவில் செய்து, மூலைக்கு ஒரு முக்கோணத் தாங்கி வெல்ட் வையுங்கள். சேஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைத் தேடிப் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால் சேஸின் நிற்கும் பக்கத்தில், நடு உயரத்தில் மட்டும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடவே கூடாது, பாரத்தின் இழுவிசையும் அழுத்தமும் அதிகமாக அங்கேதான் விழுகின்றன. சேஸில் நேரடியாக வெல்ட் வைப்பதும் அதே காரணத்தால் தவறு. எம்10 போல்ட்டுகளை 45 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள்.

மேல் பிடியைப் பாடியின் முன் கார்டு கம்பியிலிருந்து எடுங்கள், கேபினிலிருந்து எடுக்காதீர்கள். கேபின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து தனியாக ஆடும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று கிழியும். மேல் பிடி ஒரு வளையம். உள்விட்டம் குழாயை விட 6 மி.மீ. பெரிது, குழாய் அதற்குள் மேலும் கீழும் வழுக்கிப் போகும். வளையத்தைப் பிடிக்கும் ஆங்கிள் ரப்பர் புஷ் வழியாகக் கார்டில் சேரட்டும்.

எஞ்சின் தன் மவுண்டில் ஆடும்போது அந்த ஆட்டம் நிமிர்ந்த குழாய்க்கு வராமல் தடுப்பது நெளிகுழாய். டர்போவிலிருந்து இறங்கும் குழாயில் பழையது நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். வலை பிய்ந்திருந்தால் மாற்றுங்கள். மாட்டும்போது அது நேராக, முறுக்கு இல்லாமல், இழுபடாமல் இருக்க வேண்டும். கோணல் குழாய்களைச் சேர்க்க நெளிகுழாயை வளைத்துச் சரிக்கட்டினால் மூன்று மாதம்கூடத் தாங்காது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். காமன் ரெயில் (டீசல் செலுத்துவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்) வண்டியானால் எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சேஸின் மறுமுனையில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவும் வயர் வழியாகவும் சுற்றி வரும். முடிந்தவரை வண்டியில் புள்ளி வெல்ட் மட்டும் வைத்து, குழாயைக் கழற்றி மேசையில் முழு வெல்ட் போடுவது நல்லது. எம்.எஸ்.ஸுக்கு 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 80 ஆம்பியர், மெல்லிய குழாயாதலால் துண்டு துண்டாக, ஆறவிட்டு. எஸ்.எஸ். என்றால் டிக் வெல்டிங், 308எல் கம்பி. எஸ்.எஸ்.ஸையும் எம்.எஸ்.ஸையும் சேர்க்கும் இடத்தில் 309எல். வண்டியில் வெல்ட் வைக்கும்போது ஒரு வாளித் தண்ணீரும் நனைந்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும், பாடியில் ஒட்டுப்பால் (மரத்திலும் கொட்டாங்கச்சியிலும் உறைந்த ரப்பர் பால்), கதம்பை (தேங்காய் மட்டை) எதுவும் இருக்கக் கூடாது.

தண்ணீர்

ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. வேறு ஊருக்கு எழுதிய குறிப்பில் மழைமூடி ஒரு வரியாக இருக்கலாம். இங்கே அதுதான் பாதி வேலை.

திறந்த வாயுள்ள நேர்க்குழாயில் ஓர் இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதே 10 சென்டிமீட்டர் நீளக் குழாயை நிரப்பும் அளவுக்கு அடிப் பெண்டில் தண்ணீர் சேரும். 60 மி.மீ. உள்விட்டக் குழாயில் புகையின் வழியை மறிக்க அது போதும். காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அந்தத் தண்ணீரைத் தள்ளித் திணறும், கேபின் கூரையெல்லாம் கறுப்புத் துளி தெறிக்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து வந்த புகையோடு சேர்ந்த தண்ணீர் லேசான அமிலம். அது நின்ற இடம் முதலில் ஓட்டையாகும்.

இதற்கு மூன்று காவல் வேண்டும். ஒன்று, வாயில் எடைகல் வைத்த மூடி, கீல் முன்பக்கம் இருக்கும்படி. புகை மூடியைப் பின்பக்கமாகத் திறக்கும், ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பிடித்து முறிக்காது. இரண்டு, மூடி துருப்பிடித்துத் திறந்தே நின்றுவிட்டாலும் உள்ளே விழும் மழை குறையும்படி, மூடிக்குக் கீழே வாயைப் பின்னோக்கி 45 டிகிரியில் திருப்புவது. மூன்று, அடிப் பெண்டின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. வடிதுளை. துளையின் வாய் பிரேக் குழாயையோ வயரையோ பார்க்காமல் தரையைப் பார்க்கட்டும். இந்தத் தாழ்ந்த இடம் டர்போவின் வெளிவாயை விடக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி டர்போவுக்குள் போகும்.

வடிதுளை கரியில் அடைபடும். மழை பெய்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தத் துளையைப் பாருங்கள். கீழே மண்ணில் கறுப்பாக ஒரு சிறு வட்டம் நனைந்திருந்தால் நல்லது. மழை பெய்தும் மண் சுத்தமாக இருந்தால் துளை அடைபட்டிருக்கிறது. பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை டாஷ்போர்டில் வைத்திருங்கள். உள்ளே விட்டு இரண்டு தடவை சுழற்றினால் கரிக்கட்டி விழுந்து, அதன் பின்னால் தேங்கியது சொட்டத் தொடங்கும்.

குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பட்டை சுற்றுவது சிலருக்குப் பிடிக்கும். இங்கே வேண்டாம். மழையில் அந்தப் பட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயை உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழாய் மேலே போனதும் ஓடையில் ஆழமாக இறங்கலாம் என்ற தைரியம் வரும். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் இன்னும் பழைய இடத்திலேயே, பானெட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. தண்ணீர் அங்கே எட்டினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துக் கனெக்டிங் ராடு வளையும். இறங்கும் ஆழத்துக்கு எல்லை அந்த வாய்தான்.

சூடும் தீப்பொறியும்

பாடியின் தரைத்தகட்டில் குழாய் ஏறி வரும் துளை 150 மி.மீ. விட்டம் இருக்கட்டும், சுற்றிலும் 40 மி.மீ.க்கு மேல் காற்று கிடைக்கும். துளையின் ஓரத்தில் 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு கழுத்து வெல்ட் வையுங்கள். இல்லாவிட்டால் சிந்திய பாலும் ஒட்டுப்பால் துணுக்கும் நேராகச் சூடான பெண்டின் மேல் விழும். ரப்பர் ஒருமுறை பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைப்பது எளிதில்லை.

துளையிட்ட தகட்டைக் குழாயிலிருந்து 30 மி.மீ. தள்ளிச் சுற்றிலும், தரையிலிருந்து ஆள் உயரம் வரை போடுங்கள். அதற்கு வெளியே, சரக்குப் பக்கம் மட்டும், துளையில்லாத இன்னொரு தகட்டை 50 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். ஷீட் கட்டு சரிந்து வந்தாலும் அதில்தான் சாயும். அதிகம் மறந்துபோவது தார்ப்பாய். மழைக்கு இழுத்துக் கட்டும்போது தார்ப்பாயும் கயிறும் குழாயின் மேல் போகும். முன் கார்டில் ஒரு குறுக்குக் கம்பி வைத்து, தார்ப்பாய் அதற்கு அப்பால் வராதபடி கொக்கிகளை மாற்றுங்கள்.

குழாய் மேலே போனதால் தீ ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. நீண்ட நேரம் ஐடிலில் நின்ற டீசல் எஞ்சினில் படிந்த கரி, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சிவந்த துணுக்காகப் பறக்கும். டர்போ உள்ள எஞ்சினில் புகை முழுவதும் டர்பைன் சக்கரத்தைக் கடந்து வருவதால் பெரும்பாலான துணுக்கு அங்கேயே நொறுங்கும். டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குத் தீப்பொறித் தடுப்பு வலை கட்டாயம், மாதம் ஒருமுறை கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தை, மாசியில் வாரம் ஒருமுறை. சேஸுக்குக் கீழே மிச்சமிருக்கும் முன்குழாய்க்கும் அடியில் ஒரு தகடு மாட்டுங்கள், பின்பக்கம் திறந்து வையுங்கள், மாலையில் கையால் தட்டினால் சேர்ந்த சருகு விழுந்துவிட வேண்டும்.

முதல் ஓட்டம்

எஞ்சினை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, நனைந்த துணியை மடித்துக் குழாய் வாயைச் சில நொடி பாதி மூடிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வெல்டிலும் ஃபிளேஞ்சிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. கேபினுக்கு அடியில் வரும் கசிவைச் சின்னது என்று விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, டிரைவருக்குத் தலைவலி வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

பிறகு பாரமில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதிய கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்கும், இந்த இறுக்கலைத் தவிர்த்தால் ஒரு வாரத்தில் ஃபிளேஞ்ச் டிக் டிக் என்று சத்தம் போடும். அடுத்து அரைப் பாரம், அப்புறம் வழக்கமான ஏற்றம். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாவது கேட்டால், புகை கறுத்தால், எங்கோ தடை இருக்கிறது. முதலில் மழைமூடி முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள், அடுத்து வலை, அதன்பின் பெண்டுக்குள் வெல்டிங் கட்டி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் மூடி தடதடத்தால் எடைகல்லைக் கொஞ்சம் கூட்டி, மூடி முழுதாகத் திறக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியபின் அடிப் பிராக்கெட்டின் முக்கோணத் தாங்கியையும் மேல் வளையத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் இருக்கும் இடத்தில் குழாயின் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்கு மேலும் கீழுமாக உராய்ந்து பளபளத்திருந்தால் குழாய் சூட்டில் தாராளமாக நீண்டு சுருங்குகிறது என்று பொருள். அங்கே பெயிண்ட் அப்படியே இருந்தால் வளையம் கவ்விப் பிடித்திருக்கிறது, அன்றைக்கே கழற்றி அரத்தால் தேய்த்து இடைவெளியைக் கூட்டுங்கள்.